மரியோஸ் பிக்ராஸ் (1995): தவறாக உளி வைத்தால் உடனே சொல்லிவிடுவது சரியா?

#1 | உளிச்சத்தம்

நண்பர்களே, இரண்டு மாதமாக ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் கேம் பாய் என்ற நிண்டெண்டோவின் பழைய கையடக்கக் கருவியில் மரியோஸ் பிக்ராஸ்தான். ஈஸி பகுதியை முடித்துவிட்டேன், காளான் பகுதியில் பாதி தாண்டியாயிற்று. நேற்று ஒரு 15×15 கட்டத்தில் மூன்று தவறு செய்து, கடைசி ஒன்றரை நிமிடத்தில் முடித்தேன். அப்போதிலிருந்து ஒரு கேள்வி மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது, அதற்காகத்தான் இந்த இழை.

ஆடாதவர்களுக்குச் சுருக்கமாக. 1995 மார்ச்சில் ஜப்பானில் வந்த கேம். ஜூபிடரும் ஏப் நிறுவனமும் உருவாக்கியது, வெளியிட்டது நிண்டெண்டோ. சதுரக் கட்டம் ஒன்று இருக்கும். ஒவ்வொரு வரிசைக்கும் இடப்பக்கத்தில் எண்கள், ஒவ்வொரு நெடுவரிசைக்கும் தலையில் எண்கள். ‘4 3’ என்று இருந்தால் அந்த வரிசையில் எங்கோ தொடர்ச்சியாக நான்கு சதுரம், குறைந்தது ஒரு இடைவெளி, அப்புறம் தொடர்ச்சியாக மூன்று சதுரம். எல்லாவற்றையும் சரியாக நிரப்பினால் படம் தெரியும். மரியோ இதில் தொல்பொருள் ஆய்வாளர். ஏ பொத்தானை அழுத்தினால் உளி, பி பொத்தானை அழுத்தினால் ‘இங்கே ஒன்றுமில்லை’ என்று பெருக்கல் குறி.

ஒவ்வொரு புதிருக்கும் 30 நிமிடம். காலியாக இருக்கவேண்டிய சதுரத்தில் உளி வைத்தால் கேம் உடனே சொல்லிவிடும், நேரத்தையும் வெட்டிவிடும். முதல் தவறுக்கு 2 நிமிடம், இரண்டாவதற்கு 4, மூன்றாவதற்கும் அதற்கு மேலும் ஒவ்வொன்றுக்கும் 8. கூட்டிப் பாருங்கள்: மூன்று தவறில் 14 நிமிடம், நான்கில் 22, ஐந்தில் 30. அதாவது எவ்வளவு வேகமாக ஆடினாலும் ஐந்தாவது தவறைத் தாண்ட முடியாது.

என் கருத்து, இந்த அபராதம்தான் கேமின் உயிர். கல்லில் உளி வைப்பதைப் போலவே இருக்கிறது, வைத்ததைத் திரும்ப எடுக்க முடியாது. அதனால் ‘இருக்கலாம்’ என்பதற்கும் ‘இருந்தே ஆகவேண்டும்’ என்பதற்கும் உள்ள தூரத்தை ஒவ்வொரு சதுரத்திலும் யோசிக்கிறேன். காகிதத்தில் இதே புதிரைப் போட்டபோது அந்த யோசனை எனக்கு வந்ததில்லை, ரப்பர் பக்கத்திலேயே இருந்தது.

ஆனால் தவறை உடனே சொல்லிவிட்டால் புதிர் பாதி செத்துவிடுகிறது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். உங்கள் அனுபவம் என்ன?

#2 | வெற்றுக்கட்டம்

நான் அந்தச் சொல்பவர்களில் ஒருவன்.

உளி வைத்ததும் ‘தவறு’ என்று கேம் சொல்கிறது என்றால், அந்தச் சதுரம் காலி என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. நீங்கள் யோசித்துக் கண்டுபிடிக்கவேண்டிய ஒன்றை 2 நிமிடம் கொடுத்து வாங்கிவிட்டீர்கள். அதைவிட மோசம், தவறு என்று சொல்லாமல் இருந்தாலும் அதுவும் ஒரு பதில்தான். சந்தேகத்தோடு உளி வைக்கிறீர்கள், கேம் ஒன்றும் சொல்லவில்லை, சரி என்று உறுதியாகிவிட்டது. அதற்கு ஒரு நொடிகூட செலவில்லை.

1995 செப்டம்பரில் சூப்பர் ஃபேமிகாமுக்கு (டிவியில் மாட்டி ஆடும் நிண்டெண்டோ கருவி) வந்த மரியோஸ் சூப்பர் பிக்ராஸை ஆடிப் பாருங்கள். அதில் மரியோ புதிர்களும் உண்டு, மரியோவின் போட்டியாளனான வாரியோ தரும் புதிர்களும் உண்டு. மரியோ பக்கம் நீங்கள் சொன்ன மாதிரிதான். வாரியோ பக்கத்தில் நேர வரம்பு கிடையாது, தவறையும் சொல்லமாட்டான். நாற்பது நிமிடம் ஆடிவிட்டு ஒரு நெடுவரிசை பொருந்தவில்லை என்று பார்க்கும்போது வயிற்றில் ஒரு கலக்கம் வரும் பாருங்கள், அங்கேதான் உண்மையான புதிர் ஆரம்பிக்கிறது. எங்கே பிழை நுழைந்தது என்று பின்னோக்கித் தேடவேண்டும்.

எனக்கு வாரியோ பக்கம் முழுவதையும் முடிக்க ஒரு வருடம் ஆனது. அதில் ஒரு நாளைக்கூட வீண் என்று நினைக்கவில்லை.

#3 | புதுவரவு23

வணக்கம். இந்தத் தளத்துக்குப் புதியவள். இப்படி ஒரு கேம் இருப்பதே இந்த இழையைப் பார்த்துத்தான் தெரியும். எண்களை வைத்துப் படம் எப்படி வரும் என்று இன்னும் பிடிபடவில்லை. சின்ன உதாரணம் ஒன்று யாராவது காட்ட முடியுமா?

#4 | கணக்குநோட்டு

புதுவரவு, வாங்க. 5×5 ஒன்று தருகிறேன். ஒரு தாளில் கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

மேலிருந்து கீழாக வரிசைகளின் எண்கள்: 1 1 | 5 | 5 | 3 | 1
இடமிருந்து வலமாக நெடுவரிசைகளின் எண்கள்: 2 | 4 | 4 | 4 | 2

இரண்டாம், மூன்றாம் வரிசைகளுக்கு 5. ஐந்து சதுரத்தில் ஐந்தும் நிரம்ப வேண்டும், யோசிக்கவே வேண்டாம். நிரப்பியதும் முதல் நெடுவரிசையையும் கடைசி நெடுவரிசையையும் பாருங்கள். அவற்றின் எண் 2, இரண்டு சதுரமும் கிடைத்துவிட்டது. மற்றவற்றில் பெருக்கல் குறி போட்டுவிடலாம். அப்படிப் போட்டதும் நான்காம் வரிசையில் நடுவில் மூன்று இடம்தான் மிச்சம். அதன் எண்ணும் 3. முடிந்தது.

முதல் வரிசைக்கு ‘1 1’. மிச்சம் இருக்கும் மூன்று இடத்தில் இரண்டு சதுரம், நடுவே இடைவெளி. இரண்டு ஓரங்களில்தான் உட்கார முடியும். கடைசி வரிசையின் ஒற்றைச் சதுரம் நடு நெடுவரிசைக்குப் போகிறது, ஏனென்றால் அதற்கு மட்டும்தான் நான்காவது சதுரம் இன்னும் கிடைக்கவில்லை.

□■□■□
■■■■■
■■■■■
□■■■□
□□■□□

இதயம். ஒரு இடத்தில்கூட ஊகிக்கவில்லை, கவனித்தீர்களா?

இன்னொரு விஷயமும் இதிலேயே சரிபார்த்துக்கொள்ளலாம். வரிசை எண்களைக் கூட்டினால் 2+5+5+3+1, அதாவது 16. நெடுவரிசை எண்களைக் கூட்டினால் 2+4+4+4+2, அதுவும் 16. இரண்டு வழியிலும் நாம் எண்ணுவது நிரம்பிய சதுரங்களைத்தான் என்பதால் எப்போதும் சமமாக வரும். சொந்தமாகப் புதிர் தயாரிப்பவர்கள் எண்களை எழுதியதும் முதலில் இதைப் பார்ப்பது நல்லது.

#5 | புதுவரவு23

தாளில் போட்டுப் பார்த்தேன். கடைசிச் சதுரத்தை நிரப்பும்போது சிரிப்பே வந்துவிட்டது. மிக்க நன்றி. இதற்கு மேலே பெரிய கட்டத்தில் எப்படி ஆரம்பிப்பது? எல்லா வரிசையும் இப்படி நிரம்பியே இருக்காதே?

#6 | உளிச்சத்தம்

நிரம்பாதுதான். அங்கேதான் எனக்கு இந்த விளையாட்டு பிடித்துப்போனது.

15 சதுரமுள்ள வரிசைக்கு ‘10’ என்று ஒரே எண் என்று வையுங்கள். இடது ஓரத்தில் ஒட்டி வைத்தால் 1 முதல் 10 வரை, வலது ஓரத்தில் ஒட்டி வைத்தால் 6 முதல் 15 வரை. எப்படி நகர்த்தினாலும் 6 முதல் 10 வரை நிரம்பியே இருக்கும். அந்த ஐந்திலும் தைரியமாக உளி வைக்கலாம்.

எண்கள் பலவாக இருந்தாலும் இதே கணக்குத்தான். ‘5 3 4’ என்றால் கூட்டுத்தொகை 12, இரண்டு இடைவெளி சேர்த்து 14. ஆக, வரிசையில் ஒரே ஒரு சதுரம்தான் தளர்வு. ஒவ்வொரு துண்டும் ஒரு சதுரம் நகரலாம், அவ்வளவுதான். அதனால் 5-இல் நான்கும் 3-இல் இரண்டும் 4-இல் மூன்றும் உறுதி. 15-இல் 9 சதுரம் முதல் பார்வையிலேயே கிடைத்துவிட்டது. தளர்வு எவ்வளவோ, அதைத் துண்டின் நீளத்திலிருந்து கழித்தால் உறுதியான சதுரங்கள். கழித்தால் மிச்சம் இல்லையென்றால் அந்தத் துண்டை இப்போதைக்கு விட்டுவிடவேண்டும்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் இதை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். இப்போது எண்களைப் பார்த்ததும் கண்ணே சொல்கிறது.

வெற்றுக்கட்டம், உங்கள் வாதத்துக்கு வருகிறேன். ‘சொல்லாமல் இருந்தாலும் அதுவும் ஒரு பதில்’ என்றது சரிதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். கேம் பாய்க் கேசட்டில் அபராதம் உளிக்கு மட்டும்தான். நிரம்பவேண்டிய சதுரத்தில் தவறாகப் பெருக்கல் குறி போட்டால் கேம் வாயே திறக்காது. அந்தப் பிழை அப்படியே உட்கார்ந்திருக்கும். அதை நம்பி வேறெங்கோ உளி வைக்கும்போதுதான் அடி விழும். நேற்று எனக்கு விழுந்த மூன்றில் இரண்டு அப்படி வந்தவைதான்.

#7 | நாலுசாயல்

வன்பொருள் பக்கமிருந்து கொஞ்சம் சொல்கிறேன். இந்த வாதத்துக்கும் அது சம்பந்தப்பட்டதுதான்.

கேம் பாய் திரை 160×144 புள்ளி, நான்கே நான்கு சாயல். பழைய 1989 மாடலில் திரைக்குப் பின்னால் விளக்கு கிடையாது. ஏதாவது வேகமாக நகர்ந்தால் பின்னாலேயே நிழல் இழுத்துக்கொண்டு போகும். ஓடும் குதிக்கும் கேம்களில் கண் வலிக்கும். பிக்ராஸில் நகர்வது கர்சர் மட்டும்தான். அந்தக் கருவியின் பலவீனம் எதுவும் இந்தக் கேமைத் தொடுவதே இல்லை. இவ்வளவு பொருத்தமாக அமைந்த கேசட் என்னிடம் வேறு இல்லை.

இன்னொன்று. 15 சதுர வரிசைக்கு அதிகபட்சம் எட்டு எண்கள் வரலாம், எல்லாம் ஒன்றாக இருந்தால். ஆக, பதினைந்து சதுரத்துக்கும் எட்டு எண்ணுக்கும் இரண்டு திசையிலும் இடம் ஒதுக்கவேண்டும், நேரத்தையும் காட்டவேண்டும். 144 புள்ளி உயரத்தில் அதை அடக்கியும் எண்கள் படிக்கும்படி இருக்கின்றன. 15×15-க்கு மேல் போகாமல் நிறுத்திக்கொண்டதற்கு இதுதான் காரணமாக இருக்கவேண்டும் என்பது என் கணிப்பு. 1996-இல் ஜப்பானில் மட்டும் வந்த பிக்ராஸ் 2-இல் பெரிய படத்துக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? நான்கு 15×15 துண்டுகளைத் தனித்தனியாகத் தீர்க்கவைத்து, சேர்த்து 30×30 படமாக ஆக்கினார்கள். திரைக்குள் அடங்காததை வெட்டித் தந்தார்கள், ஆனால் எண்களைச் சுருக்கவில்லை.

இப்போது வாதம். இப்படிப்பட்ட சின்னத் திரையில், பஸ்ஸில் ஆடும்போது, வரிசை மாறி ஒரு சதுரம் தள்ளி அழுத்துவது சர்வசாதாரணம். அது யோசனையில் வந்த தவறு இல்லை, விரலில் வந்தது. அதைக் கேம் உடனே சொல்லிவிடுவது நல்லது என்பேன். வாரியோ முறை டிவியில் ஆடும் கேமில் வந்தது தற்செயலாக இருக்காது.

#8 | தாள்பென்சில்

கேம் வருவதற்கு முன்பே இந்தப் புதிரோடு இருப்பவன் நான், காகிதத்தில்தான். கதை எங்கிருந்து வருகிறது என்று சொன்னால் உங்கள் சண்டைக்கு உதவும்.

1987-இல் டோக்கியோவில் ஒரு போட்டி. வானளாவிய கட்டடங்களின் ஜன்னல் விளக்குகளை ஏற்றியும் அணைத்தும் படம் வரைவது. நோன் இஷிதா என்ற வடிவமைப்பாளர் அதில் வென்றார். எரியும் ஜன்னல், எரியாத ஜன்னல், இதைப் புதிராக்கினால் என்ன என்ற யோசனை அங்கிருந்து வந்தது. 1988-இல் மூன்று புதிர்களை வெளியிட்டார். அதே காலத்தில் தெட்சுயா நிஷியோ என்ற புதிர் வடிவமைப்பாளர் இவரோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் இதையே கண்டுபிடித்திருந்தார். இங்கிலாந்தில் ஜேம்ஸ் டால்கெட்டி இதற்கு நோனோகிராம் என்று இஷிதாவின் பெயரை வைத்தே பெயர் சூட்டினார். 1990 முதல் தி சண்டே டெலிகிராஃப் வாராவாரம் அச்சிட ஆரம்பித்தது. பிக்ராஸ் என்ற பெயர் பிக்சர், கிராஸ்வேர்ட் என்ற இரண்டையும் சேர்த்து நிண்டெண்டோ வைத்தது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்த ஜன்னல்கள்தான். ஒரு ஜன்னலில் விளக்கு எரிகிறதா என்பதை ஒரு மாடியில் எண்ணியும் சொல்லலாம், மேலிருந்து கீழாக எண்ணியும் சொல்லலாம். இரண்டு திசை எண்ணிக்கையும் கையில் இருந்தால், கட்டடத்தைப் பார்க்காமலே படம் தெரிந்துவிடுகிறது.

காகிதத்தில் யாரும் உங்களைத் திருத்துவதில்லை. விடை அடுத்த வாரம்தான் வரும். ஆகவே வாரியோ முறைதான் மூல முறை, மரியோ முறை பின்னால் சேர்த்தது. அதற்காக மரியோ முறை தாழ்ந்தது என்று சொல்லமாட்டேன். காகிதம் செய்ய முடியாத ஒன்றை ஒரு கருவி செய்கிறது என்றால் அதைச் செய்துபார்க்கத்தானே வேண்டும்.

#9 | வெற்றுக்கட்டம்

தாள்பென்சில் ஐயா, ஜன்னல் கதை இதுவரை எனக்குத் தெரியாது. நன்றி.

நாலுசாயல், விரல் தவறு பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு 8 நிமிட அபராதம் எதற்கு? திருத்திவிட்டுப் போகட்டுமே. நேரம் முடிந்தால் புதிரையே திரும்ப ஆரம்பிக்கவேண்டும். இருபத்தைந்து நிமிட வேலை ஒரு விரல் நழுவியதில் போகிறது. பயத்தில் ஆடுவதும் யோசித்து ஆடுவதும் ஒன்றில்லை. எனக்கு மரியோ பக்கம் ஆடும்போது கண் அடிக்கடி நேரத்துக்குப் போய்விடும், கட்டத்தில் நிற்காது.

#10 | கணக்குநோட்டு

இரண்டு பக்கமும் தொடாத ஒரு இடம் இருக்கிறது. இந்த 2×2 கட்டத்தைப் பாருங்கள். எல்லா எண்ணும் 1.

■□
□■

இதுவும் விடை.

□■
■□

இதுவும் விடை. எண்களை மட்டும் வைத்து எது சரி என்று எவராலும் சொல்லமுடியாது. பெரிய படத்துக்குள் இப்படி நான்கு சதுரம் ஒளிந்திருந்தால், மற்ற எல்லாவற்றையும் சரியாகத் தீர்த்தவர்கூட கடைசியில் இரண்டில் ஒன்றை ஊகித்துத்தான் ஆகவேண்டும். தவறைச் சொல்லி நேரத்தை வெட்டும் கேமில் இப்படி ஒரு புதிர் வந்தால் அது ஆடுபவருக்குச் செய்யும் அநியாயம். தவறே செய்யாதவரிடம் அபராதம் வாங்குவதாகிவிடும்.

அதனால்தான் நல்ல புதிர் வடிவமைப்பாளர் படம் வரைந்ததோடு நிறுத்துவதில்லை. ஒரே விடைதானா, ஊகிக்காமல் அந்த விடைக்குப் போக வழி உண்டா என்று பார்த்து, இல்லையென்றால் காதில் ஒரு சதுரம் கூட்டி, வாலில் ஒன்று குறைத்து, படத்தையே கொஞ்சம் மாற்றுவார். சில படங்கள் முடித்த பிறகும் ‘இது என்னது’ என்று தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். நல்லவேளை, முடித்ததும் படத்தின் பெயரைப் போட்டுவிடுகிறார்கள்.

இது சின்ன விஷயமில்லை. எந்த நோனோகிராமைக் கொடுத்தாலும் விரைவாகத் தீர்க்கும் பொதுவான வழி இதுவரை யாருக்கும் கிடைக்கவில்லை. 1996-இல் உவேதா, நாகாவோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் இது என்பி-முழுமை வகைப் புதிர் என்று நிறுவினார்கள். கணினிக்காரர்கள் கடினம் என்று ஒதுக்கும் கணக்குகளோடு சேர்ந்த வகை அது. பத்திரிகையிலும் கேமிலும் நமக்கு வருபவை அந்தக் கடலிலிருந்து மனிதன் நடந்து கடக்கக்கூடிய பாதைகளாகப் பார்த்துப் பொறுக்கியெடுத்தவை.

ஆக என் பதில்: புதிர் நியாயமாக இருந்தால் அபராதமும் நியாயம். தவறாக உளி வைத்தேன் என்றால் எனக்குக் கிடைத்த எண்களில் எதையோ நான் படிக்கவில்லை என்று அர்த்தம்.

#11 | உளிச்சத்தம்

இந்தக் கடைசி வரியைத்தான் நான் முதல் பதிவில் சொல்ல நினைத்தேன், இவ்வளவு தெளிவாக எனக்கு வரவில்லை.

#12 | பின்னிரவு

தாமதமாக வருகிறேன், இழை முழுவதையும் படித்துவிட்டேன்.

ரூலெட் பற்றி யாரும் பேசவில்லையே? மரியோஸ் பிக்ராஸில் புதிர் தொடங்கும் முன் உதவி வேண்டுமா என்று கேட்கும். ஆமாம் என்றால் ஒரு சுழல் ஓடி, ஒரு வரிசையையும் ஒரு நெடுவரிசையையும் திறந்து காட்டும். 5×5-இல் அது 25-க்கு 9 சதுரம், மூன்றில் ஒன்றுக்கும் மேல். 10×10-இல் 100-க்கு 19. 15×15-இல் 225-க்கு 29, அதாவது எட்டில் ஒரு பங்கு. கட்டம் பெரிதாகப் பெரிதாக அதே உதவி கரைந்துகொண்டே போகிறது. மிகவும் அழகான ஏற்பாடு என்று எனக்குத் தோன்றும். புதியவர்களுக்குக் கை நிறைய, பழகியவர்களுக்கு ஒரு பிடி.

தவறைச் சொல்வதா வேண்டாமா என்ற கேள்வியில் ஜூபிடரே ஒரு பக்கம் நிற்கவில்லை. முதல் கேசட்டிலேயே 256 புதிர்: ஈஸி, காளான், நட்சத்திரம், டைம் ட்ரையல் என்று நான்கு பகுதி, ஒவ்வொன்றிலும் 64. டைம் ட்ரையலில் தவறைச் சொல்லமாட்டார்கள். ஆக வாரியோ முறையின் விதை கேம் பாயிலேயே இருக்கிறது. 2007-இல் வந்த பிக்ராஸ் டிஎஸ்ஸில் நார்மல், ஃப்ரீ என்று தனித்தனி வழி: முன்னதில் தவறைச் சொல்லும், பின்னதில் சொல்லாது. நிண்டெண்டோவின் ஸ்விட்ச் கருவியில் 2017 முதல் வரும் பிக்ராஸ் எஸ் வரிசையில் தவறைத் திருத்துவதையும் ரூலெட்டையும் நாமே தேர்ந்துகொள்ளலாம். ஒரே நிறுவனம் இத்தனை ஆண்டாக இந்தக் கேள்வியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருக்கிறது. எனக்கு என்னவோ, தேர்வை ஆடுபவரிடமே விட்டதுதான் சரியான முடிவு என்று படுகிறது.

முதல் கேம் அமெரிக்காவில் சரியாக விற்கவில்லை, அதனால்தான் அடுத்த இரண்டும் அப்போது ஜப்பானை விட்டு வெளியே வரவில்லை. அந்தக் காலத்திலேயே சூப்பர் பிக்ராஸ் நமக்கெல்லாம் கிடைத்திருந்தால் இந்த வாதத்தை இருபத்தைந்து வருடத்துக்கு முன்பே நடத்தியிருப்போம்.

#13 | வெற்றுக்கட்டம்

டைம் ட்ரையல் நல்ல பாயிண்ட். அதை மறந்தேபோனேன்.

ஆனால் தேர்வை நம்மிடம் விடுவதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. கடினமான இடம் வந்ததும் மெனுவுக்குப் போய் ‘திருத்து’ என்பதைத் தேர்ந்துவிடத் தோன்றும். வாரியோ என்னிடம் எதையும் கேட்கவில்லை. சொல்லமாட்டேன் என்றான், கடைசிவரை சொல்லவில்லை. அந்த உறுதிதான் என்னை ஒரு வருடம் கட்டிவைத்தது.

உளிச்சத்தம், உங்களிடம் ஒரு வேண்டுகோள். வாரியோ புதிர் ஐந்து ஆடிவிட்டு வந்து சொல்லுங்கள். நிண்டெண்டோ ஸ்விட்ச் ஆன்லைன் சந்தா இருந்தால் சூப்பர் பிக்ராஸ் 2020 செப்டம்பரிலேயே அதில் சேர்ந்துவிட்டது. ஜப்பானிய எழுத்துகள்தான், ஆனால் எண்கள் தெரிந்தால் போதும். நானும் பதிலுக்கு மரியோ பக்கத்தை நேரத்தைப் பார்க்காமல் ஆடப் பழகுகிறேன்.

#14 | உளிச்சத்தம்

சரி. சந்தா இருக்கிறது. இந்த வாரம் ஆடுகிறேன்.

#15 | புதுவரவு23

நடுவில் ஒரு கேள்வி. அசல் கேம் பாயும் கேசட்டும் வாங்க நினைக்கிறேன். பழைய கேசட் வாங்கும்போது என்ன பார்க்கவேண்டும்?

#16 | நாலுசாயல்

முக்கியமாக ஒன்று. இந்தக் கேசட் முடித்த புதிர்களை உள்ளே இருக்கும் ஒரு காயின் பேட்டரியின் தயவில்தான் நினைவில் வைத்திருக்கிறது. முப்பது வருடம் ஆனதால் பல கேசட்டுகளில் அது தீர்ந்திருக்கும். கேம் ஓடும், ஆனால் அணைத்ததும் எல்லாம் அழிந்துவிடும். விற்பவரிடம் ஒரு புதிரை முடித்து, அணைத்து, மறுபடி போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அணைத்த உடனே போடாமல் கொஞ்ச நேரம் விட்டுப் போடவேண்டும்.

எனக்கு நட்சத்திரப் பகுதியில் நாற்பதுக்கு மேல் முடித்திருந்தபோது பேட்டரி போனது. ஒரு நாள் காலையில் எல்லாம் வெறுமை. ரொம்பவே மனசு கஷ்டமாக இருந்தது. பேட்டரியை மாற்றலாம், ஆனால் பழையது தகட்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், சால்டரிங் தெரிந்தவரிடம் கொடுங்கள். மாற்றும்போது சேவ் போய்விடும், அதற்குத் தயாராக இருங்கள். அந்த நாற்பதையும் மறுபடி ஆடினேன். பாதிக்கு மேல் படங்கள் நினைவில் இல்லை, ஆனால் எண்களைப் படிக்கும் வேகம் கையில் இருந்தது. முன்பு இருபது நிமிடம் எடுத்தவை பத்தில் முடிந்தன.

ஆரம்பிப்பவருக்கு அசல் கருவி அவசியமில்லை. தாளும் பென்சிலும் போதும். ஆசையாக இருந்தால் வாங்குங்கள், அந்தப் பொத்தானை அழுத்தும் சுகம் தனிதான்.

#17 | தாள்பென்சில்

புதுவரவு, தாளில் ஆடினால் ஒன்று செய்யுங்கள். காலிச் சதுரத்துக்கு எப்போதும் ஒரு சின்னப் புள்ளி வையுங்கள். நிரப்புவதை விடக் காலியைக் குறிப்பதுதான் முக்கியம். படம் நிரம்பிய இடத்தில் தெரிந்தாலும், வழி காலி இடத்தில்தான் திறக்கிறது. கணக்குநோட்டு தந்த இதயத்திலும் அப்படித்தான். ஓரங்களில் குறி போட்ட பிறகுதானே நான்காம் வரிசை வந்தது?

#18 | உளிச்சத்தம்

ஒன்பது நாள் கழித்து வருகிறேன். ஐந்து வாரியோ புதிர் முடித்தேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதல் இரண்டும் எளிது. மூன்றாவதில், முக்கால்வாசி முடிந்த பிறகு ஒரு நெடுவரிசைக்கு ‘3 2’ என்று இருந்தது, கட்டத்தில் ஏற்கெனவே நான்கு சதுரம் தொடர்ச்சியாக நிரம்பியிருந்தது. ஒருமுறை எண்ணினேன், மறுபடி எண்ணினேன். நான்குதான். வெற்றுக்கட்டம் சொன்ன அந்த வயிற்றுக் கலக்கம் வந்தது.

முதலில் அந்த நெடுவரிசையில் ஒரு சதுரத்தை அழித்துப் பார்த்தேன். அது தவறான வைத்தியம். பக்கத்து வரிசை உடைந்தது. அங்கே சரிசெய்தால் இன்னொன்று. பிழை தெரியும் இடமும் பிழை நுழைந்த இடமும் வேறு என்று அப்போதுதான் புரிந்தது. அன்றைக்கு அணைத்துவிட்டேன்.

மறுநாள் வேறு மாதிரி செய்தேன். ஒவ்வொரு வரிசையாகப் போய், ‘இந்தச் சதுரம் ஏன் நிரம்பியிருக்கிறது, எந்த எண் சொன்னது’ என்று என்னிடமே கேட்டேன். காரணம் சொல்லமுடியாத சதுரத்தை மட்டும் அழித்தேன். பதினொன்று அழிந்தது. அதில் பத்து சரியானவைதான், பின்னால் திரும்ப வந்தன. ஒன்றுதான் பிழை. ‘1 2’ என்ற வரிசையை ‘2 1’ என்று படித்திருக்கிறேன். ஒரே ஒரு சதுரம், அதிலிருந்து இத்தனையும்.

மரியோ பக்கமாக இருந்திருந்தால் அந்தச் சதுரத்தில் உளி வைத்த நொடியிலேயே தெரிந்திருக்கும், 2 நிமிடத்தோடு போயிருக்கும். ஆனால் மற்ற பத்துச் சதுரத்துக்கும் என்னிடம் காரணம் இருந்ததா என்று நான் ஒருபோதும் பார்த்திருக்கமாட்டேன். அவை சரியாக இருந்தன, கேம் ஒன்றும் சொல்லவில்லை, நான் நகர்ந்திருப்பேன். முதல் பதிவில் ‘இருக்கலாம் என்பதற்கும் இருந்தே ஆகவேண்டும் என்பதற்கும் உள்ள தூரத்தை ஒவ்வொரு சதுரத்திலும் யோசிக்கிறேன்’ என்று எழுதியிருந்தேன். அப்படி யோசிக்கவில்லை என்று இப்போது தெரிகிறது. வெற்றுக்கட்டம், நீங்கள் சொன்ன ‘ஒரு நொடிகூட செலவில்லாத பதில்’ இதுதான்.

அபராதம் பற்றிய என் கருத்தை விட்டுவிடவில்லை. கேம் பாயில், அரை மணி நேரத்தில், அதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் நேற்று காளான் பகுதிக்குத் திரும்பியபோது ஒரு பழக்கம் கூடவே வந்துவிட்டது. உளி வைக்கும் முன் எந்த எண் சொன்னது என்று மெதுவாகச் சொல்லிக்கொள்கிறேன். பிந்திய நான்கு 15×15 புதிர்களில் ஒரு தவறுகூட விழவில்லை.

#19 | வெற்றுக்கட்டம்

படித்ததும் ரொம்ப சந்தோஷம். காரணம் சொல்லமுடியாததை மட்டும் அழிப்பது எனக்குத் தோன்றாத வழி. நான் சந்தேகம் வந்த பகுதி முழுவதையும் அழித்துவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். எத்தனை மணி நேரத்தை அப்படி விட்டிருக்கிறேன்.

என் பங்குக்கு, மரியோ பக்கத்தில் பத்துப் புதிர் ஆடினேன். நேரம் காட்டும் மூலையில் ஒரு சின்னத் துண்டுக் காகிதத்தை ஒட்டிவைத்துவிட்டேன். தவறு விழுந்தால் ஒலி கேட்கும், எவ்வளவு போனது என்று தெரியாது. நான்கு நாளில் அந்தப் பயம் குறைந்தது. எட்டாவது புதிரின்போது காகிதத்தை எடுத்துவிட்டேன்.

#20 | புதுவரவு23

10×10 ஒன்றைத் தாளில் நானே தயாரித்தேன். பூனை. கணக்குநோட்டு சொன்னபடி கூட்டிப் பார்த்தேன், இரண்டு பக்கமும் 48 வந்தது. என் தம்பியிடம் கொடுத்தேன். எல்லாம் முடித்துவிட்டு நான்கு சதுரத்தை மட்டும் நிரப்பாமல் திருப்பிக் கொடுத்தான். ‘அக்கா, இங்கே இரண்டு மாதிரியும் வருகிறது’ என்றான். மீசைக்குப் பக்கத்தில் அந்த 2×2 அப்படியே உட்கார்ந்திருந்தது.

மீசையில் ஒரு சதுரம் கூட்டினேன். இப்போது 49. இன்று ராத்திரி மறுபடி கொடுக்கப்போகிறேன்.